வேப்பங்கோட்டையில் இறங்காத கைகள்

வேப்பங்கோட்டை பஸ் நிலையத்தின் முன்னால், வாழைத்தார் ஏற்றிவந்த லாரி ஒன்று பங்குனி மாதத்துக் காலையில் மாடு படுப்பதுபோல மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்தது. அதைப் படம் பிடிப்பதற்காக மேலே போன கைகள் எதுவும் அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை. லாரிக்காரர் ஜன்னல் வழியாக ஊர்ந்து வெளியே வந்து, நெற்றியில் ரத்தம் வழிய ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, யாராவது ஒரு வாய் தண்ணீர் தருவார்களா என்று சுற்றிலும் பார்த்தார். பார்த்த பக்கமெல்லாம் செல்போன்தான் தெரிந்தது. கடைசியில் அவரே எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டார். கிரேன் வந்தது, லாரி நிமிர்ந்தது, வாழைத்தார்கள் வேறு வண்டிக்கு மாறின, வேடிக்கை முடிந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று போனைச் சட்டைப் பைக்குள் வைக்கப் பார்த்தவர்களுக்குக் கை வரவில்லை. வலியில்லை, மரத்துப்போகவும் இல்லை. தோளிலிருந்து நேராக வானத்தைப் பார்த்து, போனைப் பிடித்த விரல்கள் பிடித்தது பிடித்தபடி, கை நின்றது. சரி, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்துக்கொள்வோம் என்று அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இதையெல்லாம் எதிர்வரிசையில் தன் தையல் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த தவசிமுத்துவின் கை மேலே போகவில்லை. அவர் கையில் கத்தரிக்கோல் இருந்தது. லாரிக்காரருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கவும் அவர் போகவில்லை. இந்த ஊர் ஜனங்களுக்காக இனி ஓர் அடிகூட எடுத்துவைப்பதில்லை என்று அவர் தை மாதத்திலேயே முடிவு செய்திருந்தார்.

தை மாதத்தில் நடந்தது இதுதான். அவர் மனைவி ராஜகனி மார்க்கெட்டுக்குப் போய்விட்டு, கீரைக்கட்டும் பையுமாக பஸ் நிலையத்தைக் கடந்து வந்தபோது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் விரதம் இருந்ததாலோ என்னவோ, கண்ணை இருட்டிக்கொண்டு வந்து அப்படியே விழுந்துவிட்டாள். தவசிமுத்து பித்தான் வாங்க ஜவுளிக்கடைத் தெருவுக்குப் போயிருந்தார். நினைவு திரும்பியபோது ராஜகனிக்கு மேலே வட்டமாகச் செல்போன்கள் தெரிந்தன. அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, சிதறிக் கிடந்த கீரையைப் பொறுக்கிக்கொண்டு, தானாகவே எழுந்து வீட்டுக்கு வந்து, கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கீரையை ஆய்ந்து குழம்பு வைத்தாள்.

மறுநாள் கோமதிநாயகத்தின் டீக்கடையில் ஓடிய தொலைக்காட்சியில், விநோதச் செய்திகளின் நடுவில், பட்டப்பகலில் பஸ் நிலையத்தைப் படுக்கையறை ஆக்கிய பெண் என்ற எழுத்தோடும் கோமாளி மேளத்தோடும் யாரோ ஒருத்தி வாயைத் திறந்தபடி கிடப்பதைக் காட்டினார்கள். கடையே சிரித்தது. தவசிமுத்துவுக்கும் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் அந்தப் பெண் போட்டிருந்த பாசிப்பச்சை ரவிக்கையின் கைமடிப்பைப் பார்த்தார். அது அவர் தைத்த மடிப்பு. மீதிச் சிரிப்பு வரவில்லை.

அதை அனுப்பியவன் பஸ் நிலையத்தில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் சேர்மராஜ் என்று ஊருக்கே தெரியும். அவனே பெருமையாகச் சொல்லிக்கொண்டான். அன்றிலிருந்து ராஜகனி வாசலுக்கு வரவில்லை. கடை முன்பக்கம், வீடு பின்பக்கம், இரண்டுக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரை. திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பித்தான் துளைக்குக் காஜா எடுப்பாள், பித்தான் வைப்பாள், ஓரம் அடிப்பாள். திரைக்கு இந்தப் பக்கம் அவள் விரல்கூட வராது.

தவசிமுத்துவுக்கு அவளை ஒருநாள் மறுபடியும் தெருவில் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லாமல் போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து சாயங்காலமானால் அவள் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போவாள், அவர் பின்னால் போவார். அவள் முருங்கைக்காய்க்காரனோடு மல்லுக்கு நிற்பதும், பூக்காரி பேச்சித்தாயோடு சிரிப்பதும், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்பதும் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். இப்போது அவரே போய், விற்பவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தார். முருங்கைக்காய் முற்றலாக இருந்தது. ராஜகனி ஒன்றும் சொல்லாமல் சமைத்தாள். அவள் ஒன்றும் சொல்லாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அவர் பழையதை நினைப்பார். அந்தக் காலத்தில் டீக்கடைக்கு வரும் தினத்தாளில் விநோதச் செய்தி என்பது உள்பக்கத்துக் கீழ் மூலையில் தீப்பெட்டியளவு ஒரு கட்டம். நாலு காலோடு பிறந்த கோழிக்குஞ்சு, பிள்ளையார் முகத்தோடு காய்த்த கத்தரிக்காய், அனுப்பியவரும் பெறுபவரும் செத்த பிறகு போய்ச் சேர்ந்த தபால் அட்டை. அதை டீயின் கடைசி வாய்க்கென்று வைத்திருந்து படிப்பார்கள். கோழிக்குஞ்சுக்கும் கத்தரிக்காய்க்கும் அதனால் தலைகுனிவு ஒன்றும் வந்ததில்லை.

அதே பஸ் நிலையத்தில் அந்தக் காலத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால், விழுந்தவர் தரையைத் தொடும் முன்பே தாங்கிக்கொள்ள ஒருவர் இருப்பார். சோடா உடை என்பார் ஒருவர், சோடாவை முகத்தில் அடி என்பார் இன்னொருவர், அடிக்காதே வாயில் ஊற்று என்று அவரோடு சண்டைக்குப் போவார் மூன்றாமவர். வலிப்பாக இருக்கும் என்று சாவிக்கொத்தைக் கையில் திணிப்பவர், தினத்தாளால் விசிறுபவர், காற்றை விடுங்கப்பா என்று கத்திக்கொண்டே காற்றை மறைத்து நிற்பவர், யார் என்ன என்று தெரியாமலே அழத் தொடங்கும் பெண், பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிவரும் கண்டக்டர் என்று, மயங்கியவரால் நிம்மதியாக மயங்கிக் கிடக்கக்கூட முடியாது. எழுந்து உட்கார்ந்தவுடன் நீ யார் வீட்டுப் பிள்ளை, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுத் துளைத்து, பஸ் ஏற்றி, இவரைப் பார்த்து இறக்கிவிடு என்று டிரைவரிடம் சொல்லி அனுப்புவார்கள். பெரிய தொந்தரவுதான். அந்தத் தொந்தரவை நினைத்தால் தவசிமுத்துவுக்கு இப்போது கண் கலங்கியது.

கைகள் இறங்காமல் நின்றதை ஊர் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டது. அரசு ஆஸ்பத்திரியில் தைலம் கொடுத்து, இரண்டு வேளை தேய்க்கச் சொன்னார்கள். கை வாசனையாக நின்றது. அம்மன் கோயிலில் வேப்பிலை கட்டிவிட்டார்கள், வேப்பிலையோடு நின்றது. வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறுகிறவர் எந்தக் கை கேட்கிற கை, எந்தக் கை நிற்கிற கை என்று தெரியாமல் திணறி, இனி கேட்பவர்கள் இருமிக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பேரூராட்சிக் கூட்டத்தில் எந்தத் தீர்மானமும் தோற்கவில்லை. பஸ்ஸில் மட்டும் பெரிய சௌகரியம். கண்டக்டர் கம்பியைப் பிடி, கம்பியைப் பிடி என்று கத்த வேண்டியிருக்கவில்லை.

ஒரு தொலைக்காட்சியிலிருந்து இந்த விநோதத்தைப் படம் பிடிக்க வந்தார்கள். கேமராக்காரர் கேமராவைத் தோளுக்குமேல் தூக்கினார்; அதோடு சரி. அவரை உட்காரவைத்து ஊருக்கு அழைத்துப்போக மேற்கூரை இல்லாத ஜீப்பாகத் தேட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எந்தத் தொலைக்காட்சிக்கும் வேப்பங்கோட்டையில் செய்தி இருப்பதாகத் தெரியவில்லை.

போன் தலைக்குமேல் எட்டாத உயரத்தில் இருந்ததால் அதில் வருவதை யாராலும் பார்க்க முடியவில்லை. கோமதிநாயகம் கூரையிலிருந்து சார்ஜர் ஒயர்களை வாழைப்பழச் சீப்புகள்போலத் தொங்கவிட்டிருந்தார். அதன் கீழே வரிசையாக நின்றவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கையால் தினத்தாளை விரித்துப் பிடிக்க முடியாதாகையால், இடதுபக்கத்தை ஒருவரும் வலதுபக்கத்தை ஒருவருமாகப் பிடித்துக்கொண்டு படித்தார்கள். பக்கம் திருப்ப இருவருக்கும் சம்மதம் வேண்டியிருந்தது. வெளியூர்ச் செய்தியைப் படித்துவிட்டு, இதென்ன கூத்தாக இருக்கிறது என்று இரண்டு பேர் சேர்ந்து வருத்தப்படுவது நெடுநாளைக்குப் பிறகு அந்தக் கடையில் கேட்டது.

ஆனால் சட்டைதான் பெரிய பாடு. நிற்கிற கைக்கு எந்தச் சட்டையும் நுழையவில்லை. தவசிமுத்து யோசித்து, மணிக்கட்டிலிருந்து இடுப்புவரை ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, அதில் வரிசையாகப் பித்தான் வைத்து ஒரு சட்டை தைத்தார். தைத்துக் கொடுத்ததை ஊருக்காக எடுத்துவைத்த அடியாக அவர் கணக்கில் வைக்கவில்லை. தொழில் என்று சொல்லிக்கொண்டார். ஸ்டூலில் ஏறி நின்று அளவெடுப்பார். திரைக்குப் பின்னால் ராஜகனி இரவும் பகலுமாகப் பித்தான் வைத்தாள்.

சேர்மராஜும் வந்தான். சட்டை கிழிந்து ஒரு தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, எனக்கும் ஒண்ணு வெட்டிப் போடுங்க. கடைக்கு வாறவங்க எல்லாம் விலா எலும்பை எண்ணுதாங்க."

"உன் கைக்கு என் டேப் நீளம் பத்தாது தம்பி."

"எல்லாருக்கும் தைக்கியளே."

"எல்லாரும் ஒன்னை மாதிரியா? போ. வேற ஊர்ல போய்த் தை."

சேர்மராஜ் தொங்கிய சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். திரையைப் பார்த்தான். திரைக்குப் பின்னால் ஊசி நின்றிருந்தது. அவன் போய்விட்டான்.

சோறு போடும்போது ராஜகனி சொன்னாள்: "அந்தப் பையனுக்கும் தைச்சுக் குடுத்திருக்கலாம்லா."

"எந்தப் பையன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியாம என்ன. அந்தக் குரல்தான, யக்கா இங்க பாருங்கன்னு சொல்லிச்சு. மயக்கத்துலயும் கேட்டுச்சு எனக்கு."

"பெறகென்ன?"

"திறந்த உடம்போட திரியுதாம்லா. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்." ரசத்தை ஊற்றினாள். "நீங்க அவனுக்குத் தைக்காம இருக்கது எனக்கு ஒண்ணும் நல்லா இல்ல. என் பேரைச் சொல்லி ஒருத்தன் வெயில்ல காயுதான், அவ்வளவுதான்."

"நீ தெருவுக்கு வா. அன்னைக்கே தைக்கேன் அவனுக்கு."

அவள் ரசப் பாத்திரத்தை மூடிவைத்தாள். அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கு உடனே தெரிந்தது. அந்த ரசத்தில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

சித்திரை பிறந்து, வெயில் தார் ரோட்டை இளக்கியது. ஒரு நண்பகலில் சேர்மராஜ் மறுபடி ரோட்டைக் கடந்து தையல் கடையை நோக்கி வந்தான். சட்டையே இல்லை, தோள் கருத்துத் தோல் உரிந்திருந்தது. நடு ரோட்டில் ஒரு நிமிஷம் எதையோ மறந்தவன்போல நின்றான். பிறகு முழங்கால் மடங்கி, பக்கவாட்டில் சரிந்து விழுந்தான். உடம்பு கிடந்தது, கை மட்டும் போனோடு வானத்தைப் பார்த்து நட்டுவைத்ததுபோல நின்றது.

பஸ் நிலையத்தில் இருந்தவர்கள் ஓடிவந்து அவனைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். குனிந்து தூக்க எல்லோரும்தான் பார்த்தார்கள். ஒரு கையால் ஒரு மனிதனைத் தூக்க முடியவில்லை, மேலே நின்ற கை அவர்களைக் குனிய விடவும் இல்லை. மேலே நின்ற போன்கள் எல்லாம் தாமாகவே முகத்தைத் திருப்பி, கிடந்தவனை நோக்கிக் குனிந்துகொண்டன.

"ஐயோ, நாங்க பிடிக்கல அண்ணாச்சி, அதுவா பிடிக்குது" என்று யாரோ தவசிமுத்துவைப் பார்த்து அழுகிற குரலில் சொன்னார்கள்.

தவசிமுத்து கடைவாசலில் நின்றார். அவருக்கு இரண்டு கையும் கீழே இருந்தன. ஓடிப்போய்த் தூக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான் என்பது அவருக்குத் தெரிந்தது. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று, கிடக்கட்டும், கொஞ்சம் கிடந்து பார்க்கட்டும் என்று சொல்லியது. அவர் கால் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் அந்தக் கால் நகராமலே போயிருக்கும்.

திரை விலகிய சத்தம் அவருக்கு முதலில் காற்று என்று தோன்றியது. செம்பில் தண்ணீரோடு ராஜகனி அவரை உரசிக்கொண்டு படியிறங்கிப் போனாள். செருப்பு போடவில்லை. தை மாதத்துக்குப் பிறகு வெயில் படாத முகம் வெளுத்திருந்தது. கூட்டம் வழிவிட்டது. வட்டத்துக்குள் அவள் கால் வைத்தவுடன், கிடந்தவனை விட்டுவிட்டு அத்தனை போன்களும் அவளை நோக்கித் திரும்பின.

அவள் நின்றுவிட்டாள். செம்புத் தண்ணீர் தளும்பி ரோட்டில் விழுந்து உடனே காய்ந்தது. திரும்பி ஓடிவிடுவாள் என்று தவசிமுத்துவுக்குத் தோன்றியது. ஓடினால் அந்தத் திரை இனி என்றைக்கும் விலகாது என்றும் தோன்றியது. அவள் தலையைத் தூக்கி, ஒவ்வொரு போனாகப் பார்த்தாள். அப்புறம் போன்களுக்குக் கீழேயிருந்த முகங்களைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த முகங்கள். யார் வீட்டில் என்ன குழம்பு என்று அவளுக்குத் தெரிந்த முகங்கள்.

"தூக்குன கையைத்தான் இறக்க முடியல. அதால ஒரு நிழலாவது குடுக்கப்பிடாதா?" என்றாள். பிறகு கடையைப் பார்த்து, பழைய குரலில், இரண்டு தெருவுக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்: "என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கீங்க? துணியை எடுத்துட்டு வாங்க."

பள்ளிக்கூடச் சீருடைக்கென்று வந்திருந்த நீலத் துணிக்கட்டு வெட்டும் மேஜையில் கிடந்தது. அதை அள்ளிக்கொண்டு ஓடியபோது தன் கால் நகர்ந்ததைத் தவசிமுத்து கவனிக்கவில்லை. ஒரு நுனியைப் பேச்சித்தாய் இடதுகையால் வாங்கினாள், மறுநுனியைக் கோமதிநாயகம் வாங்கினார். கோயில் கொடைத் திருவிழாவில் அம்மனுக்கு மேலே மேலாப்புத் துணி பிடிப்பார்களே, அப்படி உயர்ந்து நின்ற கைகளின்மேல் துணி உருண்டு விரிந்து, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய், வட்டம் முழுவதையும் மூடியது. கைகள் தூணாயின. போன்கள் துணிக்கு அடியில் முட்டிக்கொண்டு, நீலத்தைத் தவிர வேறு ஒன்றும் பார்க்க முடியாமல் நின்றன.

கீழே குளுகுளுவென்று நிழல் விழுந்தது. ராஜகனி முட்டிபோட்டு உட்கார்ந்து, சேர்மராஜின் தலையை மடியில் வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்தாள்.

"சோடா உடைங்கப்பா" என்றது ஒரு குரல்.

"சோடா எதுக்குவே, மோர் குடுக்கணும்."

"வலிப்பா இருக்கும், சாவி குடுங்க."

"வலிப்பும் இல்ல, எழவும் இல்ல. காத்தை விடுங்க" என்றாள் ராஜகனி. யாரோ ஒரு பெண் காரணம் தெரியாமல் அழுதாள். பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் நீலத் துணிக்குள் தலையை நீட்டி, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்.

சேர்மராஜ் கண்ணைத் திறந்தான். மேலே நீலமாக இருந்தது. மடியிலிருந்து பார்த்து, அது யார் மடி என்று தெரிந்ததும் கண்ணை மறுபடி மூடிக்கொண்டான்.

"மைனி" என்றான், அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுவதுபோல.

"பேசாத. காலையில என்ன சாப்பிட்ட?"

"ஒண்ணும் சாப்பிடல."

"நானும் அன்னைக்கு ஒண்ணும் சாப்பிடல" என்றாள் ராஜகனி. அவ்வளவுதான் சொன்னாள். அவன் அழுததை அந்த நிழலுக்குள் இருந்தவர்கள் பார்த்தார்கள். வேறு எதிலும் அது பதியவில்லை.

அவன் எழுந்து உட்கார்ந்து, மோர் குடித்து, சிரிக்க முயன்று, டீக்கடை பெஞ்சுக்கு நடந்து போகும்வரை துணி அப்படியே நின்றது. அப்புறம் அதை மடிக்க வேண்டியிருந்தது. நீளத் துணி, கல்யாண வீட்டு ஜமுக்காளம் மடிப்பதுபோல ஆளுக்கொரு முனையை இரண்டு கையாலும் பிடித்து, உதறி, நடந்து வந்து எதிரே நின்றவர் முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்னால் போய், மறுபடி வந்து மடித்தார்கள். மடித்து முடித்துக் கொடுத்த பிறகு, கை இறங்கிவிட்டதையே கவனிக்காமல் எல்லோரும் போனைப் பையில் வைத்துக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்; சேர்மராஜும் போனை இடுப்பில் செருகிக்கொண்டு தையல் கடைக்கு வந்தான். மண்டியில் அன்றைக்குச் சாயங்காலம் ஏலம் கேட்டவர்கள் பழக்கத்தில் இருமினார்கள்.

தவசிமுத்து கடைக்குத் திரும்பி, ஸ்டூலைத் தள்ளி வைத்துவிட்டு, சேர்மராஜுக்குச் சாதாரணச் சட்டைக்கு அளவெடுத்தார். இரண்டு கையையும் தொங்கவிட்டு நின்றவனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவரும் எங்கே பார் என்று சொல்லவில்லை. வெட்டத் தொடங்கியபோது மணி என்ன ஆயிற்று என்று உணர்ந்து, சோறு போடச் சொல்லலாம் என்று திரையை விலக்கினார். பின்பக்கத்தில் யாரும் இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. ஆணியில் பை இல்லை.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தார். பஸ்களின் சத்தத்துக்கும் ஹாரன்களுக்கும் அப்பால், மார்க்கெட் பக்கமிருந்து, இரண்டு தெரு தள்ளி, முருங்கைக்காய் முற்றல் என்று ஒரு பெண் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தன் வீட்டுக்காரருக்கு விவரம் தெரியாதென்பதால் இத்தனை நாளும் இதைத்தான் தலையில் கட்டினாயா என்று கேட்டாள். முருங்கைக்காய்க்காரன் என்னவோ சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். தவசிமுத்துவுக்கு நல்ல பசி. அவர் கூப்பிடப் போகவில்லை.